திட்டப் பிரிவின் மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது?

1947 ஏப்ரல் கடைசியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் மாஸ்கோவிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். பேச்சுவார்த்தையில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. போரில் நொறுங்கிப்போன ஐரோப்பா நிலக்கரிக்கும் ரொட்டிக்கும் திண்டாடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பிய மறுநாளே ஜார்ஜ் கெனன் என்ற அதிகாரியை அழைத்தார். துறைக்குள் ஒரு கொள்கைத் திட்டப் பிரிவை உடனே தொடங்க வேண்டும், ஐரோப்பா விஷயத்தில் என்ன செய்யலாம் என்று இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார். வேறு ஏதாவது அறிவுரை உண்டா என்று கெனன் கேட்டதற்கு மார்ஷல் சொன்ன பதில் இன்றுவரை பேசப்படுகிறது: அற்ப விஷயங்களில் இறங்க வேண்டாம்.

மே முதல் வாரத்தில் பிரிவு தொடங்கியது. விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். மே 23 அன்று அறிக்கை மார்ஷல் கைக்குப் போனது. ஜூன் 5 அன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையில் அந்த அறிக்கையின் கருத்துகள் பல இருந்தன. மார்ஷல் திட்டம் என்று உலகம் பின்னால் அழைத்த உதவித் திட்டத்தின் தொடக்கம் அந்த உரைதான்.

இந்தக் கதையின் முதல் பாதியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாம் பாதி. கெனனின் அறை அமைச்சரின் அறையை ஒட்டி இருந்தது. எழுதிய தாள் நேராக அமைச்சரிடம் போகும். 1949இல் மார்ஷல் போய் டீன் அச்சிசன் வந்துவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். திட்டப் பிரிவின் அறிக்கைகள் இனி மற்ற பிரிவுத் தலைவர்களின் கைகளைக் கடந்துதான் அமைச்சரிடம் போக வேண்டும். பிரிவின் பெயர் மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, அறைகூட மாறவில்லை. தாள் போகும் வழி மட்டும் மாறியது. இனி இந்தப் பிரிவால் பயனில்லை என்று கெனன் முடிவுக்கு வந்துவிட்டார். ஆண்டு முடிவில் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

அரசுத் துறைகளில் வியூகத் திட்டமிடலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஆவணத்தைப் பற்றியே பேசுகிறோம். தொலைநோக்கு வாசகம் நன்றாக இருக்கிறதா, இலக்குகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். ஆனால் ஒரு திட்டம் பிழைக்குமா என்பதை அதற்கு முன்பே வேறு சில விஷயங்கள் தீர்மானித்துவிடுகின்றன. திட்டமிடுகிறவரின் மேசை யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர் எழுதிய தாள் யார் யார் கையைத் தாண்டிப் போகிறது, பட்ஜெட் போடுகிறவர் அதைப் படிக்கிறாரா? என் கணக்கில் இந்த மூன்றும்தான் முதல் கேள்விகள்.

முதலில் வேலை என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு துறை தினமும் செய்கிற வேலை ஒன்று உண்டு: விண்ணப்பம் வாங்குவது, ஆய்வு செய்வது, பணம் வழங்குவது, கோப்பு நகர்த்துவது. திடீரென்று வரும் வேலை இன்னொன்று: வெள்ளம், வழக்கு, சபையில் எழுப்பப்பட்ட கேள்வி. மூன்றாவது வேலை, ஐந்து பத்து ஆண்டு கழித்து இந்தத் துறை எங்கே நிற்க வேண்டும், அதற்காக இன்று எதைத் தொடங்க வேண்டும், முக்கியமாக எதை நிறுத்த வேண்டும் என்று யோசிப்பது. முதல் இரண்டுக்கும் வாசலில் ஆள் காத்திருப்பார்கள். மூன்றாவதற்கு யாரும் காத்திருப்பதில்லை. அது இந்த வாரம் நடக்காவிட்டால் யாரும் புகார் எழுத மாட்டார்கள், அடுத்த வாரம் நடக்காவிட்டாலும் எழுத மாட்டார்கள். அதனால்தான் இந்த வேலைக்குத் தனியாக ஆள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒதுக்கிய ஆளை மற்ற இரண்டு வேலைகளும் இழுத்துக்கொண்டு போகாமல் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது.

சரி, எங்கே உட்கார வைப்பது?

துறைத் தலைவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழுவை வைப்பது பழைய முறை. கெனனின் குழு அப்படித்தான். பிரான்சில் 1946 ஜனவரியில் திட்ட ஆணையம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ழான் மொனே பிடிவாதமாகக் கேட்டதும் இதையே: ஆணையம் எந்த அமைச்சகத்துக்கும் கீழே போகக் கூடாது, அரசின் தலைவரோடு நேராக இணைக்கப்பட வேண்டும். இந்த ஏற்பாட்டில் தாள் வேகமாகப் போகும், தலைவரின் மனதில் ஓடுவது திட்டக்காரருக்கும் தெரியும். ஆபத்தும் அதே நெருக்கத்தில்தான் இருக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்த நாலு பேர் தலைவரின் அறைக்குப் பக்கத்தில் இருந்தால், உரை எழுதவும் அவசரக் குறிப்பு தயாரிக்கவும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆறே மாதத்தில் திட்டப் பிரிவு உரை எழுதும் பிரிவாக மாறிவிடும். இது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

நிதிப் பிரிவுக்குள் வைப்பது இன்னொரு முறை. இதில் திட்டத்துக்கும் பணத்துக்கும் இடையில் சுவர் இருக்காது. ஆனால் நிதிப் பிரிவின் கடிகாரம் ஒரு வருடக் கடிகாரம். அங்கே போகும் எந்த யோசனையையும் அடுத்த ஆண்டு இதற்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்விதான் முதலில் சந்திக்கும். பத்து வருடம் கழித்துப் பலன் தரும் யோசனைக்கு அந்தக் கேள்வியில் பதில் கிடையாது.

இன்னொரு வழி, தனி இயக்குநர் தலைமையில் முழுப் பிரிவு ஒன்றை உருவாக்குவது. அமைப்பு வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மற்ற பிரிவுகள் இதை உடனே புரிந்துகொள்கின்றன: திட்டம் இனி அவர்கள் வேலை, நமக்குக் கவலை இல்லை. இதற்கு எதிர்முனையில், ஒவ்வொரு செயல்பிரிவிலும் ஒருவரைத் திட்டப் பொறுப்பாளராக வைத்து, நடுவில் இரண்டு மூன்று பேர் ஒருங்கிணைப்பது. இதில் திட்டம் களத்தை விட்டு விலகாது. ஆனால் அந்தப் பொறுப்பாளருக்கு அது எட்டாவது கூடுதல் பொறுப்பாக இருந்தால், படிவம் வரும்போது நிரப்பிக் கொடுப்பதோடு சரி.

என்னைக் கேட்டால், தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சின்ன நடுக்குழுவும், செயல்பிரிவுகளில் நேரம் ஒதுக்கப்பட்ட பொறுப்பாளர்களும் சேர்ந்த ஏற்பாடுதான் நிலைக்கிறது. நேரம் ஒதுக்கப்பட்ட என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். வாரத்தில் ஒன்றரை நாள் இதற்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கான அவருடைய பழைய வேலை இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டும்.

பணத்தோடு எப்படி இணைப்பது என்பதற்கு மிகப் பெரிய பாடம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிலிருந்து வருகிறது. 1961இல் அங்கே அமைச்சராக வந்த ராபர்ட் மக்னமாரா, திட்டம், நிகழ்ச்சித்திட்டம் (ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்துச் செய்யும் வேலைகளின் தொகுப்பு), பட்ஜெட் மூன்றையும் ஒரே சரட்டில் கோக்கும் முறையைக் கொண்டுவந்தார். தரைப்படைக்கு இவ்வளவு, கடற்படைக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்குப் பதிலாக, எந்த நோக்கத்துக்கு எவ்வளவு, அதற்கு மாற்றுவழி என்ன, ஐந்து ஆண்டில் மொத்தச் செலவு என்ன என்று கேட்கும் முறை. கணக்கும் பொருளாதாரமும் தெரிந்த இளைஞர்கள் குழு ஒன்று அவருக்காக வேலை செய்தது. இதைப் பார்த்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 ஆகஸ்டில் மற்ற துறைகளும் இதையே பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். 1971இல் சிவில் துறைகளுக்கு அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. பாதுகாப்புத் துறையில் மட்டும் அதன் வாரிசு முறை இன்னும் ஓடுகிறது.

ஒரே முறை ஓரிடத்தில் வேர்விட்டது, மற்ற இடங்களில் ஆறே வருடத்தில் காய்ந்தது. பாதுகாப்புத் துறையில் பகுப்பாய்வு தெரிந்த ஆட்கள் முன்பே இருந்தார்கள், மற்ற துறைகளில் படிவங்கள் வந்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை. பணம் ஒதுக்கும் நாடாளுமன்றக் குழுக்கள் பழைய தலைப்புகளிலேயே கணக்குக் கேட்டன. அதனால் துறைகள் புதுக் கணக்கு ஒன்று, பழைய கணக்கு ஒன்று என்று இரண்டையும் எழுதின. இவற்றைவிடப் பெரியது மூன்றாவது காரணம். மக்னமாரா அந்தத் தாள்களைத் தானே படித்தார், அவற்றை வைத்து முடிவு எடுத்தார். அது தெரிந்ததால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் கவனமாக எழுதினார்கள். படிக்கப்படாது என்று தெரிந்த தாளில் யாரும் உயிரைக் கொட்டி எழுத மாட்டார்கள்.

இந்தியாவின் அனுபவமும் இதே இடத்தைத் தொடுகிறது. 1950இல் அமைந்த திட்டக் குழுவுக்குப் பிரதமரே தலைவர். மாநிலங்களுக்கும் துறைகளுக்கும் திட்டச் செலவை ஒதுக்குவதில் அதற்கு நேரடிக் கை இருந்தது. அதனால் அதன் தாளுக்கு எடை இருந்தது. அதே காரணத்தால் விவாதம் எல்லாம் ஒதுக்கீட்டுப் பேரமாகக் குறுகியது என்ற குறையும் எழுந்தது. அதன் இடத்துக்கு 2015இல் வந்த நிதி ஆயோக்குக்கு அந்த ஒதுக்கீட்டு அதிகாரம் கிடையாது. பணத்தை நேரடியாகக் கையாண்டால் சிந்தனை குறுகும், பணத்திலிருந்து முழுக்க விலகினால் சிந்தனைக்கு எடை குறையும். இதற்கு முழுமையான தீர்வு எந்த நாட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி ஆட்கள். பிரிட்டனில் 1971இல் பிரதமர் எட்வர்ட் ஹீத் அமைச்சரவைக்கென்று ஒரு மதிப்பாய்வுக் குழுவை அமைத்தார். அதன் முதல் தலைவர் ரோத்ஸ்சைல்டு பிரபு ஓர் அறிவியலாளர், எண்ணெய் நிறுவனமான ஷெல்லின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர். குழுவில் ஏறத்தாழ 15 முதல் 20 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் துறைகளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வந்த அதிகாரிகள், மீதிப் பேர் பல்கலைக்கழகங்களிலிருந்தும் தொழில்துறையிலிருந்தும் வந்தவர்கள். இந்தக் கலவை யோசித்துச் செய்யப்பட்டது. உள்ளே இருந்து வருகிறவருக்குக் கோப்பு எந்த மேசையில் நிற்கும், எந்தப் பிரிவு எதற்கு முகம் சுளிக்கும் என்பதெல்லாம் தெரியும். வெளியே இருந்து வருகிறவர், இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கூச்சமில்லாமல் கேட்பார். உள்ளே இருப்பவர்கள் மட்டும் இருந்தால் போன ஐந்தாண்டின் நகல் வரும். வெளியாட்கள் மட்டும் இருந்தால் யாரும் நிறைவேற்ற முடியாத அழகான அறிக்கை வரும்.

அந்தக் குழு முடிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1982இல் பொதுச் செலவை நீண்ட காலத்தில் எப்படிக் குறைக்கலாம் என்று அது எழுதிய தாள் பத்திரிகைக்குக் கசிந்தது. பொது மருத்துவ சேவைக்குப் பதில் தனியார் காப்பீடு என்பதும் அதிலிருந்த யோசனைகளில் ஒன்று. பெரிய அமளி. அடுத்த ஆண்டு, தேர்தலில் வென்ற கையோடு, மார்கரெட் தாட்சர் குழுவையே கலைத்துவிட்டார். ஒரு யோசனையைப் பரிசீலிப்பதற்கும் அதை அரசின் முடிவாக அறிவிப்பதற்கும் உள்ள வித்தியாசம் வெளியே யாருக்கும் தெரிவதில்லை. எல்லா வழிகளையும் மேசையில் வை என்று திட்டக்காரரிடம் சொல்கிறவர்கள், அப்படி வைத்த ஒரு வழி வெளியே தெரிந்தால் அவர் பக்கம் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை மேசைக்குப் பாதுகாப்பான யோசனைகள் மட்டும்தான் வரும்.

ஆட்களைப் பற்றிய இன்னொரு விஷயத்தை அரசு அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். திட்டப் பிரிவுக்கு மாற்றல் என்றால் அது எந்த மாதிரி மாற்றல்? பல இடங்களில் அது ஓரங்கட்டும் மாற்றல். வாகனம் இல்லை, களம் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பில்லை. அப்படி வந்து சேர்ந்தவரிடம் துறையின் பத்தாண்டு எதிர்காலத்தை ஒப்படைப்பது அவருக்கும் நியாயமில்லை, துறைக்கும் நியாயமில்லை. ஒழுங்காக நடக்கும் இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுக்கு நல்ல அதிகாரிகளைக் கொண்டுவந்து, பிறகு முக்கியமான செயல்பிரிவுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பிப் போகும் பாதை தெளிவாக இருந்தால்தான் வரச் சம்மதிப்பார்கள். அப்புறம், தான் எழுதியதைத் தானே நிறைவேற்ற வேண்டி வரலாம் என்று தெரிந்தவர் எழுதும்போது கை தானாகவே கவனமாகும்.

வெளி ஆலோசனை நிறுவனத்திடம் முழுத் திட்டத்தையும் கொடுத்துவிடும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் பற்றாக்குறை இருக்கும்போது தரவைத் தொகுக்கவும் மற்ற நாடுகளின் அனுபவத்தைத் திரட்டவும் அவர்கள் உதவியாக இருப்பார்கள். ஆனால் எதை விடுவது என்ற முடிவை வெளியில் கொடுக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்து அவர்கள் போன பிறகு, பக்கம் 40இல் இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல அலுவலகத்தில் ஒருவராவது இருக்க வேண்டும்.

திட்டமிடுகிறவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை ஒரு வரியை வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, உரிமம் வழங்கும் ஒரு துறை என்று வைத்துக்கொள்வோம். பிரிவிலிருந்து நிரப்பி வந்த படிவத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: இலக்கு, விண்ணப்பங்களை விரைந்து முடித்தல், அளவுகோல், நடத்தப்பட்ட பயிற்சி வகுப்புகளின் எண்ணிக்கை, இப்போது 40, மூன்று ஆண்டில் 60. இலக்கு ஒன்று, அளப்பது வேறொன்று. படிவத்தைத் தொகுக்கிறவர் இதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிடுவார். திட்டமிடுகிறவர் எழுந்து அந்தப் பிரிவுக்குப் போவார். கடைசியாக முடிந்த நூறு கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் இருந்தது என்று தேதிகளைக் குறித்துப் பார்ப்பார். ஊழியருக்குப் பயிற்சி போதாதது பிரச்சினையே இல்லை, தடையின்மைச் சான்று கேட்டு இன்னொரு துறைக்குப் போன கடிதத்துக்குப் பதில் வருவதில்தான் பாதி நாள் போகிறது என்று அப்போது தெரியலாம். இப்போது அந்த வரியை எப்படி எழுதுவது? அளவுகோல், விண்ணப்பம் வந்த நாளிலிருந்து உரிமம் கொடுத்த நாள் வரை. செய்ய வேண்டியது, அந்தத் துறையோடு பேசி, எந்த வகை விண்ணப்பத்துக்குச் சான்றே தேவையில்லை என்று முடிவு செய்வது. ஒரு வரியைத் திருத்த இரண்டு வாரம் ஆகியிருக்கும். பயிற்சி வகுப்புக்குப் போகவிருந்த பணம் மிச்சம். இந்த வேலைக்குத்தான் ஆள் தேவை, தொகுப்பதற்கு இல்லை.

சட்டம் போட்டு இதைக் கட்டாயமாக்க முடியுமா? அமெரிக்கா 1993இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, எல்லாத் துறைகளும் வியூகத் திட்டமும் ஆண்டுச் செயல்திட்டமும் செயல்பாட்டு அறிக்கையும் தர வேண்டும் என்றது. முதல் திட்டங்கள் 1997இல் வந்தன. 2010இல் அதைத் திருத்தியபோதுதான் ஆட்களைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் தீவிரமாக யோசித்தார்கள். துறையின் இரண்டாம் நிலைத் தலைவரே செயல்பாட்டுக்குப் பொறுப்பு. அவருக்கு நேராகப் பதில் சொல்லும் மூத்த அதிகாரி ஒருவர் மேம்பாட்டு அலுவலர். முன்னுரிமை இலக்குகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். திட்டத்தின் காலமும் ஜனாதிபதியின் பதவிக்காலத்தோடு பொருத்தப்பட்டது: புது ஆட்சி வந்த மறு ஆண்டு பிப்ரவரியில் புதுத் திட்டம். முன்பு, ஒருவர் எழுதிய திட்டம் அடுத்தவர் மேசையில் அனாதையாகக் கிடக்கும் நிலை இருந்தது, அதைச் சரிசெய்ய இந்த ஏற்பாடு. அப்படியும், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் மேலாளர்களிடம் பல ஆண்டுகளாக எடுத்த கருத்துக்கணிப்புகளில், அளவுகோல்கள் பெருகிய அளவுக்கு அவற்றை முடிவெடுக்கப் பயன்படுத்துவது பெருகவில்லை என்றே வந்தது. சட்டத்தால் தாளை வரவழைக்க முடிகிறது, ஆளை நியமிக்க முடிகிறது. படிக்க வைப்பது வேறு வேலை.

நியூசிலாந்து வேறு ஒரு கோணத்தில் யோசித்தது. 2020ஆம் ஆண்டின் பொதுச் சேவைச் சட்டம் வந்தபோது அதில் இருந்த விதி இது: ஒவ்வொரு துறையின் தலைமை நிர்வாகியும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது நீண்டகாலப் பார்வை அறிக்கை ஒன்று தர வேண்டும். எதைப் பற்றி என்பதையும், பிறகு வரைவையும் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் வைப்பார், ஆனால் உள்ளடக்கம் அமைச்சரின் தலையீடு இல்லாமல் துறை எழுதுவது. முன்பு சொன்னேனே, மூன்றாவது வேலைக்கு வாசலில் யாரும் காத்திருப்பதில்லை என்று. இந்தச் சட்டம் அந்த வேலைக்கு ஒரு தேதியையும் ஒரு வாசகரையும் கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சிங்கப்பூரில் வளர்ந்த விதம் நிதானமானது. 1980களில் பாதுகாப்பு அமைச்சகத்தில், எதிர்காலம் இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்று பல காட்சிகளை எழுதிப் பார்க்கும் முறையைப் பழகினார்கள். 1995இல் அதற்கென ஓர் அலுவலகம் பிரதமர் அலுவலகத்துக்குள் வந்தது. 2009இல் எதிர்கால ஆய்வு மையம், 2015இல் வியூகக் குழு. ஓரிடத்தில் பழகி, நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு மற்ற அமைச்சகங்களின் அதிகாரிகளுக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே திசையில் நடந்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எளிதில் விட்டுப்போகும் சின்ன வேலை ஒன்று இருக்கிறது. வியூகத் திட்டத்தில் எடுத்த முடிவுகள் இருக்கும், விட்ட வழிகள் இருக்காது. மூன்று ஆண்டு கழித்து ஆட்கள் எல்லாம் மாறிய பிறகு, வேறு யாரோ விட்டுவிட்ட வழியையே புது யோசனையாகக் கொண்டுவருவார், குழு மறுபடி ஆறு மாதம் அதையே ஆராயும். இதைத் தவிர்க்க ஒரு தனிக் குறிப்பு போதும்: எந்தெந்த வழிகளைப் பார்த்தோம், எதை ஏன் விட்டோம், எந்த நிலைமை மாறினால் அதை மறுபடி எடுக்கலாம், அன்று மேசையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள். நாலு பக்கம் போதும், அச்சடிக்க வேண்டியதில்லை, யாரும் வெளியிட வேண்டியதில்லை. திட்டத்தின் அதே கோப்பில், அதற்கு அடியில் வைத்தால் சரி. புதிதாகப் பொறுப்பேற்று வருகிறவர் முதல் வாரத்தில் அதைத்தான் தேடுவார்.